பூனையின் சூடெல்லாம் காய்ச்சல் அல்ல

வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் முதல் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வந்தபின், என் நண்பர்கள் சிலர் புதிதாகப் பூனை வளர்க்கிறார்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: “தொட்டால் சுடுகிறதே, காய்ச்சலா?”

பூனையின் உடல் இயல்பாகவே நம்மைவிடச் சூடானது. ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். பயந்தால் இன்னும் ஏறும். கார் பயணமோ கிளினிக்கில் குரைக்கும் நாயோ போதும், அட்ரினலின் சுரந்துவிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், சேமித்து வைத்த சர்க்கரையும் கொழுப்பும் எரியும். எரிந்தால் வெப்பம் வரத்தானே செய்யும்? அதே நேரத்தில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால், அந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. அதனால்தான் மருத்துவர், பூனையைச் சற்று நேரம் அமைதியாக விட்டு மறுபடியும் அளந்து பார்ப்பார். பயத்தால் வந்த சூடு தணிந்துவிடும். கிருமியால் வந்த காய்ச்சல் அப்படித் தணியாது.

நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுதான். நமக்கென வாங்கி வைத்த பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

காற்றோட்டமான, சத்தமில்லாத இடத்தில் பூனையை விடுங்கள். அதன்பிறகும் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், மாத்திரையைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள்.