செங்கல்பட்டில் என்ன இருக்கு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் இலக்கியக் கூடுகை. மதியச் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற நண்பர், நல்ல வாசகர், "நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்றார். செங்கல்பட்டு என்றேன். "ஓ, பரனூர் டோல்கேட்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "அங்க என்னங்க இருக்கு?"

இந்தக் கேள்வியை நான் இப்போது முதல் தடவையாகக் கேட்கவில்லை. தெற்கத்திக்காரர்களுக்கு எங்கள் ஊர், விடிகாலையில் கண் விழித்துப் பையை மேலேயிருந்து இறக்குகிற ஸ்டேஷன். பொங்கல் முடிந்து காரில் திரும்புகிறவர்களுக்கு டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிற இடம். சென்னைக்காரர்களுக்கு மின்சார ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர். அந்த ரயிலில் கடைசி வரை உட்கார்ந்து வந்தவர்கள் என் நண்பர்களில் நாலு பேர் இருந்தால் அதிகம்.

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. கொளவாய் ஏரியைப் பாருங்கள், விஜயநகரக் காலத்துக் கோட்டையின் மிச்சத்தைப் பாருங்கள், 1752-இல் கிளைவ் அதைப் பிடித்த கதையைக் கேளுங்கள், போகிற வழியில் வேடந்தாங்கல் என்று ஒரு பட்டியல் போட்டு, 'யாரும் அறியாத அழகு' என்று தலைப்பு வைத்துவிடலாம். அந்தப் பதிலை நான் சொல்லப் போவதில்லை. ஒரு ஊரில் 'பார்க்க' ஏதாவது இருந்தால்தான் அது ஊர் என்ற எண்ணத்தோடுதான் என் சண்டை. அந்த எண்ணத்துக்கு நானே தீனி போடக் கூடாது.

நண்பரிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: உங்க வீட்டுக் குழாயில் என்ன வருது? அவர் தென்சென்னைவாசி. அந்த ரிசார்ட்டுக்கு வரும் வழியில், இடது பக்கம், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் கடந்துதான் வந்திருப்பார். 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரில் தொடங்கியது; 2024-இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டரில் இன்னொன்று. தண்ணீர் வடக்கே போகிறது. பக்கத்திலிருக்கும் சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள், ஆலை வந்தபிறகு கரை அரிக்கிறது, உப்புக் கழிவு மீனை விரட்டுகிறது என்று வருஷக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குப்பத்தின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? கல்பாக்கத்துக் கதையும் இதுதான். 1984-லிருந்து அணுமின்சாரம் தருகிற கடற்கரை அது. நமக்கோ பாண்டிச்சேரி போகும் வழியில் ஒரு பெயர்ப் பலகை.

வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அதே வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது, 1978-லிருந்து. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோக, பிழைப்பு இழந்த இருளர்களுக்காக வந்த சங்கம் இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. பீகாரில் வயல் வரப்பில் கடிபட்ட ஒருவர் பிழைத்து வீடு திரும்பினால், அதில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ஒருவரின் கை இருக்க வாய்ப்பு அதிகம். 2023-இல் இந்த மாவட்டத்தின் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இரண்டு நாள் வாட்ஸப்பில் ஓடியது.

அடுத்து திருமணி. இங்கே என் ஊரையும் சேர்த்துத்தான் திட்டவேண்டும். சின்ன வயதில் "அந்தப் பக்கம் போகாதே" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தொழுநோய் மருத்துவமனை அங்கே இருந்தது. 1924-இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொடங்கி, 1955-இல் மத்திய அரசு எடுத்து நடத்துகிற பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம். தொழுநோய்க்கு டாப்சோன் மருந்தைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் காக்ரேன் வேலை பார்த்த இடம். உலகத்தில் தொழுநோய் படித்தவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரியும். காசநோய் படித்தவர்களுக்கும் தெரியும். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (அந்தக் கிராமங்கள் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன) தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் சுமார் 2,60,000 பேர் பங்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று பதினைந்து வருஷக் கண்காணிப்பு காட்டியது. மருத்துவப் பாடப் புத்தகங்களில் அதன் பெயரே 'சிங்கிள்புட் சோதனை'. கை நீட்டிய லட்சக்கணக்கான பேரைப் பற்றித் தமிழில் ஒரு நாவலாவது உண்டா? நான் தேடிய வரையில் கண்ணில் படவில்லை.

அதே திருமணியில்தான் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கிய தடுப்பூசி வளாகமும் நிற்கிறது. 2021-இல் கரோனா இரண்டாம் அலையில் நாடே தடுப்பூசிக்குத் தவித்தபோது அங்கிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை. அந்த மே மாதம் முதலமைச்சர் வந்து பார்த்தார், மாநில அரசு குத்தகைக்குக் கேட்டது, செய்தி ஓய்ந்தது. அப்போதும் "அங்க என்ன இருக்கு" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டிய ஒரே நேரம் அது.

சரி, மாமல்லபுரம். அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே என்பீர்கள். கல்லைப் பார்க்கிறோம். பள்ளிச் சுற்றுலாவில் வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவில் சறுக்கி டவுசர் கிழித்துக்கொண்ட தலைமுறை நான். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அந்தப் பாறை முன்னால் கைகோத்து நின்றார்கள். அதற்கு முந்தைய நாட்களில் கடைகள் அடைக்கப்பட்டன, மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை. தலைவர்கள் போன கையோடு பாறையைப் பார்க்க 40 ரூபாய் டிக்கெட் வந்தது. கல்லைப் பாதுகாக்க வேலி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'அழகுபடுத்துதல்' என்று சொல்லும்போதெல்லாம் முதலில் அப்புறப்படுத்தப்படுவது பாசிமணிக் கடையும் சங்குக் கடையும் வெள்ளரிக்காய்க் கூடையும்தான். அர்ஜுனன் தபசில் அந்தச் சிற்பிகள் யாரையும் அப்புறப்படுத்தவில்லை. யானைக்குப் பக்கத்தில் தவம் செய்கிற பூனைக்கும், அதை நம்பி நிற்கிற எலிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மண்டபத்தில் ஒருவர் பாட்டுக்குப் பால் கறந்துகொண்டிருக்கிறார்.

பூஞ்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் அந்த ஊர் நரிக்குறவப் பெண் ஒருவர், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தங்களை உட்காரவிடவில்லை என்று வீடியோவில் பேசினார். அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். நல்ல காரியம், குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் மாமல்லபுரம் வந்த ஒவ்வொருவரும் அந்தப் பெண்களிடம் பேரம் பேசியிருக்கிறோம். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று தெரிய ஒரு வைரல் வீடியோ தேவைப்பட்டது. அடுத்த வருஷம் அதே பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. தம்பி குதிரையோடு எல்லோரும் செல்ஃபி எடுத்தோம், நானும்தான்.

டூரிஸம் வேலை தருதே என்று யாராவது கேட்பார்கள். தருகிறது. ரூம் பாய், செக்யூரிட்டி, தோட்டக்காரர். முன்பு அந்த நிலத்தில் சவுக்கு போட்டவர், இன்று அதே நிலத்தின் கேட்டில் நின்று நம் காருக்கு சல்யூட் அடிக்கிறார். கல்தச்சர்களின் பட்டறையில் உளிச் சத்தத்தை விட இன்று மெஷின் சத்தம் அதிகம். அந்தத் தூசு நுரையீரலில் இறங்குகிறது. 2017-இல் புவிசார் குறியீடு சிற்பத்துக்குக் கிடைத்தது. தூசு முகமூடி பலருக்கு இன்னும் ஒரு கைக்குட்டைதான்.

எங்களிடமும் தப்பு இருக்கிறது. கொளவாய் ஏரியில் சாக்கடையைக் கலந்தது சென்னைக்காரர் இல்லை, நாங்கள். 1997-இல் மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரித்தபோது செங்கல்பட்டு என்ற பெயர் மாவட்ட வரைபடத்திலிருந்தே போனது. 2019 நவம்பரில் திரும்ப வரும்வரை இருபத்திரண்டு வருஷம், எங்களில் எத்தனை பேர் அதற்காக வருத்தப்பட்டோம்? பெங்களூரில் வேலை கிடைத்ததும் "நான் சென்னை" என்று சொல்லப் பழகியவர்கள்தானே நாம்.

அன்று வரிசையில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. "பெருசா ஒண்ணும் இல்லைங்க" என்றுதான் சொன்னேன், வெட்கம்தான். மாலையில் எல்லோரும் காரில் வடக்கே போனார்கள். நான் மாமல்லபுரத்தில் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாக வீடு வந்து சேர இரவாகிவிட்டது.

அமைப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த கூடுகையைச் செங்கல்பட்டில் வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் மண்டபம் பார்த்துத் தருகிறேன். ஏசி இருக்காது, கொசு இருக்கும். முதல் அமர்வில் பாம்பு பிடிக்கிற ஒருவரும் சூளேரிக்காட்டுக்குப்பத்துக்காரர் ஒருவரும் பேசட்டும், நாம் கேட்போம். அவர்களுக்கும் நமக்குக் கொடுக்கிற அதே பயணப்படி, அதே சாப்பாடு. மின்சார ரயிலில் வாருங்கள். பரனூர் தாண்டியதும் ஜன்னலில் ஏரி வரும்.