பாய் விரிக்க ஓர் அறை

திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களில், தலையில் சும்மாடு வைத்துக் குடம் சுமந்து வரும் முதிய பெண்டிரை நாம் கண்டிருக்கிறோம். கழுத்தும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அதே குடம் இடுப்புக்கு இறங்கியதும் உடல் மறுபுறம் சாய்ந்துவிடும். சுமையைவிடச் சுமக்கும் முறையே உடலை வளைக்கிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அருப்புக்கோட்டையில் எஞ்சியுள்ள குழித்தறிகளிலும் இதே கதைதான். குழியில் கால் தொங்கவிட்டு, மிதிபலகையை மிதித்து, முன்சாய்ந்தபடி நாடா ஓட்டும் நெசவாளர்க்கு முதுகுவலி கூலியோடு சேர்ந்தே வருகிறது. அவ்வீடுகளில் விடியற்காலை தார் சுற்றிவிட்டு வகுப்புக்கு வரும் மாணவியர் உளர். பகலெல்லாம் சாய்மானமற்ற பலகை. எஞ்சிய பொழுதில் கைப்பேசி குனிய வைக்கிறது. உடற்பயிற்சி என்றாலோ கல்விக்கூடங்கள் மைதானத்தையே நினைக்கின்றன. மைதானம் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிற்று.

நம்மை நிமிர்த்தி நிறுத்துவது முதுகெலும்பு மட்டுமன்று. வயிற்றின் ஆழத்தே கச்சைபோல் சுற்றிய குறுக்குத்தசை, முதுகெலும்பை ஒட்டிய சிறுதசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் ஆகியன கூடி நடுவுடலைத் தாங்குகின்றன. நலமுள்ளோர் கையை உயர்த்துமுன்னரே இக்குறுக்குத்தசை இறுகுவதையும், இடுப்புவலி உடையோரிடம் அது பிந்துவதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் 1996இல் வெளியிட்டனர். ஆகவே வலு மட்டும் போதாது. தசை வேளையறிந்து இயங்கவும் வேண்டும். மூச்சடக்கி எண்ணிக்கைக்காக நூறு முறை எழுந்து விழுவதால் இது வாராது.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குக. மூச்சை விடும்போது கொப்பூழை மெல்ல உள்ளிழுத்து, இயல்பாக மூச்சுவிட்டபடியே, அவ்விறுக்கம் குலையாமல் ஒரு காலை உயர்த்தித் தாழ்த்துக. கருத்து அடிவயிற்றிலேயே இருத்தல் வேண்டும். இடுப்பு ஆடினால் நிறுத்திவிடுக. நம் பாட்டனார் எடுத்த தண்டாலைத் தொடக்க நிலையிலேயே நிறுத்தி முழங்கைகளில் ஊன்றினால், இன்று 'பிளாங்க்' எனப்படுவது வந்துவிடும். பெயர்தான் புதிது!

இது சர்வரோக நிவாரணி அன்று. பிற பயிற்சிகளைவிட நெடுநாட்பயன் மிகுதி என்று பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை. கால் மரத்துப்போகும் வலிக்கு மருத்துவரையே நாடவேண்டும். ஆயினும் ஆறடிப் பாயும், தாழிட்ட ஓர் அறையும், ஒரு பெண் பயிற்சியாளரும் இதற்குப் போதும். பர்தா அணிந்து வரும் மாணவியரும் தயக்கமின்றிச் செய்யலாம். பெற்றோர் ஒப்பமாட்டார் என்று நாமே முடிவுகட்டுகிறோம். அவர்களைக் கேட்டவர் எவர்? வாரம் மூன்று நாள், முதற் பாடவேளைக்கு முன் கால்மணி நேரம். வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இதற்கென ஓர் அறையை ஒதுக்கித் தருமாறு நிர்வாகத்தினரையும் ஊர்ப் பெரியோரையும் வேண்டுகிறோம்.