விடை சரிதான்… அறிவு எங்கே?

கொஸ்டின் பேங்க்கை ரெண்டு நாள்ல முடிச்சு, எழுதின விடையெல்லாம் சரியா வந்துட்டா, அந்தப் பாடம் நமக்குத் தெரியும்னு அர்த்தமா? இல்லைன்னுதான் நான் சொல்வேன். சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடியே பிளேட்டோ இதைப் பத்தி எழுதியிருக்கார்.

அவரோட 'மெனோ' என்ற நூலில் சாக்ரடீஸ் ஒரு கேள்வி கேட்கிறார். லாரிஸா ஊருக்கு வழி தெரிஞ்சவர் ஒருத்தர். அங்கே போனதே இல்லாம, வழியைச் சரியா ஊகிச்சவர் இன்னொருத்தர். ரெண்டு பேருமே நம்மளை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துடுவாங்க. அப்புறம் அறிவுக்கு மட்டும் என்ன தனி மதிப்பு?

டீடலஸ் செய்த சிலைகளைக் கட்டி வைக்கலைன்னா ஓடிப்போயிடும்னு கிரேக்கர்களிடம் ஒரு கதை உண்டு. சரியான கருத்தும் அப்படித்தான், 'ஏன்' என்ற காரணம்தான் அதைக் கட்டிவைக்கும் என்கிறார் சாக்ரடீஸ்.

அதே நூலில் ஓர் அடிமைச் சிறுவன் வர்றான். 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தோட பரப்பை இரட்டிப்பாக்கணும். பக்கத்தை 4 அடி ஆக்கலாம்னு சொல்றான். 8 வர வேண்டிய இடத்துல 16 வருது. 3 அடின்னா 9. கடைசியில, சாக்ரடீஸின் கேள்விகள் வழியா மூலைவிட்டத்துக்கு வந்து சேர்றான். விடை சரி. ஆனாலும் சாக்ரடீஸ் அதை அறிவுன்னு ஒத்துக்கலை. இப்போதைக்கு இது அவனுக்குக் கனவு மாதிரி. இதையே பல தடவை, பல விதமா கேட்டால்தான் அறிவாகும்னு சொல்றார். வைவாவில் எக்ஸ்டர்னல் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டதும் நாம முழிக்கிறோமே, அது இந்தக் கனவு கலையற இடம்தான்.

"வேலை நடந்தா போதாதா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். செயலுக்குச் சரியான கருத்தே போதும்னு சாக்ரடீஸும் ஒத்துக்கிறார். ஆனா லாரிஸா போற வழியில பாலம் உடைஞ்சிருந்தா? ஊகிச்சவர் அங்கேயே நின்னுடுவார். வழி தெரிஞ்சவர் சுத்திப் போவார். நாளைக்கு நாம பார்க்கப்போற வேலையில பாலம் உடையற நாள்தான் அதிகம்.

அப்போ சரியான கருத்தோட காரணமும் சேர்ந்தா அறிவா? 'தியேடீட்டஸ்' நூலில் பிளேட்டோ இதையும் அலசுறார். அந்தக் காரணத்தை நாம 'அறிஞ்சிருக்கணும்'னு சொன்னா, அறிவை விளக்க அறிவையே இழுக்கிறோமே! முடிவான விடை இல்லாமலே நூல் முடியுது. ஆனா தெரியாததைத் தெரியும்னு நினைக்காம இருப்பாய், அதுவே லாபம்னு அந்த இளைஞனிடம் சாக்ரடீஸ் சொல்றார்.

இந்த செமஸ்டர்ல படிச்ச ஒரே ஒரு ஃபார்முலாவை எடுங்க. அதை 'ஏன்?'னு மூணு தடவை கேளுங்க. எத்தனாவது கேள்வியில நிக்கிறீங்கன்னு பாருங்க. படிப்பை அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.