நடப்பவருக்கும் பச்சை விளக்கு

திருநெல்வேலியிலிருந்து மும்பையிலுள்ள மகன் வீட்டிற்கு வரும் பாட்டிக்கு மராத்தி தெரியாது, இந்தியும் தெரியாது. கடைப் பலகைகளையும் பேருந்துப் பலகைகளையும் அவரால் படிக்க இயலாது. ஆயினும், சாலைச் சந்திப்பில் எரியும் சிவப்பும் பச்சையும் அவருக்குப் புரியும். எழுத்தறியாதவரும் அறியும் மொழி அது. அம்மொழி அவருக்கு உண்மை சொல்கிறதா என்பதே வினா.

நம் மாநகரங்கள் பலவும் இன்று சிக்னல்களைப் புதுப்பித்து வருகின்றன. பழைய விளக்குகள், முன்பே வகுத்த நேரப்படி மாறுபவை. ஒரு பக்கம் சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும், மறுபக்கத்து வண்டிகள் காத்தே நிற்கும். புதிய விளக்குகளோ, கேமரா அல்லது சென்சார் வழியாக வாகன வரத்தை அறிந்து, பச்சை நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. இருசக்கர வண்டியும் ஆட்டோவும் பேருந்தும் கலந்தோடும் நம் சாலைகளுக்கெனத் திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனம் இத்தகைய மென்பொருளை உருவாக்கியுள்ளது. பெங்களூருச் சந்திப்புகளில் அது பயன்பாட்டில் உள்ளது. காத்திருப்புக் குறைந்தால் எரிபொருள் மிஞ்சும், புகையும் குறையும். எனவே இம்முயற்சி வரவேற்கத்தக்கதே.

ஆனால், இம்முறைகள் பெரும்பாலும் எண்ணுவன வாகனங்களையே. நடைபாதையின் ஓரத்தில் காத்து நிற்கும் மனிதர்கள் அக்கணக்கில் எளிதில் சேர்வதில்லை. நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்று பொறியாளர்கள் பொதுவாகக் கொள்வர். அதன்படி 24 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 20 நொடிகள் போதும். முழங்கால் வலியுள்ள பாட்டி நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் எனில், அவருக்கு 30 நொடிகள் வேண்டும். விளக்கு மாறும் வேளையில் அவர் 16 மீட்டர் தொலைவே வந்திருப்பார். எஞ்சிய 8 மீட்டரை வாகனங்களுக்கு இடையே அவர் எவ்வாறு கடப்பார்?

இது வெறும் கற்பனை அச்சமன்று. மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். இவ்விபத்துகள் அனைத்தும் சிக்னல்களில் நேர்ந்தவை அல்ல. எனினும், நடப்பவருக்கு நம் சாலைகள் எவ்வளவு குறைவாக இடமளிக்கின்றன என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

நடப்பவருக்கு நேரம் கூட்டினால் வாகன நெரிசல் மிகும் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு வழியும் உண்டு. சாலையின் நடுவே நின்று இளைப்பாற அகன்ற திட்டு அமைத்தால், இரு கட்டங்களாகக் கடக்கலாம். கடப்போர் இருக்கும்போது மட்டும் நேரத்தை நீட்டிக்கும் பொத்தானோ சென்சாரோ பொருத்தலாம். மும்பைக் காவல்துறை, ஹாரன் ஒலி 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணும் சோதனையைச் செய்து காட்டியது. ஹாரன் ஒலியைக் கேட்கும் விளக்கினால், காத்திருக்கும் மனிதரைக் காணவும் இயலும். அதற்கு வேண்டியது கருவி மட்டுமன்று, கருத்தும்தான்.

பார்வையற்றோருக்காகச் சிக்னல்களில் ஒலிக்குறி அமைக்க வேண்டும் என்று, பொருளாதார வசதிக்கு உட்பட்ட கடமையாக, 1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே கூறியது. இன்றும் பல சந்திப்புகளில் அவ்வொலி கேட்பதில்லை. விளக்கைப் புதுப்பிக்கும்போதே இதனையும் சேர்த்துச் செய்வதே சிக்கனம். பின்னர்ச் செய்வோம் என்று ஒதுக்கியவை பெரும்பாலும் செய்யப்படாமலே போகின்றன.

உலகின் முதல் போக்குவரத்து விளக்கு 1868 டிசம்பரில் இலண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்டது. எரிவாயுவால் எரிந்த அவ்விளக்கு, சில வாரங்களிலேயே வெடித்துப் பயனற்றுப் போயிற்று. ஆயினும் அதன் நோக்கம் நினைவில் கொள்ளத்தக்கது. குதிரை வண்டிகளை நிறுத்தி, நடந்து வருவோரைக் கடக்கவிடுவதற்கே அது எழுந்தது. ஆக, நடப்பவருக்கு நேரம் கேட்பது சலுகை கேட்பதன்று. விளக்கு பிறந்த நோக்கத்தை நினைவூட்டுவதே ஆகும்.

பாட்டியுடன் சாலையோரம் நிற்கும் மாணவர், நடப்போருக்கான பச்சை எத்தனை நொடி எரிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அது போதவில்லையெனில், பெற்றோர் துணையுடன் மாநகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். பாட்டியால் அந்நகரின் மொழியில் எழுத இயலாது, பேரப்பிள்ளையால் இயலும். கற்ற மொழிகள் பிறருக்குத் துணையாகும் இடம் அதுவே.