கொசு ஒன்றா, ஐந்தா?

'இனம்' என்னும் சொல்லை நாம் மிகத் தாராளமாக வழங்கி வருகிறோம். காங்கேயம் ஓர் இனம், சிந்தி ஓர் இனம், எருமை வேறோர் இனம் என ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். காங்கேயமும் சிந்தியும் கலந்தால் கன்று பிறக்கும். அக்கன்றும் வளர்ந்து கன்று ஈனும். ஆயின் பசுவும் எருமையும் தலைமுறை தலைமுறையாக ஒரே தொழுவத்தில் நின்றும் அவற்றிடையே கன்று பிறந்ததில்லை. இவ்விரு வேறுபாடுகளையும் ஒரே சொல்லால் குறிப்பது தவறு என்பது என் கருத்து. இத்தவற்றில் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கும் பங்குண்டு.

இயற்கையில் தமக்குள் கலந்து பெருகுவனவும், பிற கூட்டங்களோடு கலவாது நிற்பனவுமான உயிர்க்கூட்டமே சிற்றினம் என 1942-ல் எர்ன்ஸ்ட் மயர் வரையறுத்தார். பாக்டீரியாவுக்கும் புதைபடிவங்களுக்கும் இவ்வளவுகோல் பயன்படாது. களப்பணியாளர் கையில் அகப்படும் பிராணிகளுக்கோ பெரும்பாலும் இதுவே போதும். இங்கு உருவ ஒற்றுமை பேசப்படவில்லை என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

நம் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் கொசுவை எடுத்துக்கொள்வோம். 1901-ல் ஜைல்ஸ் விவரித்த இக்கொசு நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டது. 1980-ல் கிரீன், மைல்ஸ் ஆகிய இருவர், இது ஒன்றன்று, இரண்டு என்று காட்டினர். 1999-க்குள் ஏ, பி, சி, டி, இ என ஐந்தாயிற்று. பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தாலும் இவற்றிடையே வேற்றுமை புலப்படாது. ஆனால் பெண் கொசுவின் சூலகச் செல்களிலுள்ள பெரிய குரோமோசோம்களை நோக்கினால், ஒன்றில் நேராக அமைந்த பட்டைகள் மற்றொன்றில் தலைகீழாக அமைந்திருக்கும். இரண்டும் தடையின்றிக் கலந்திருப்பின், ஒரு குரோமோசோம் நேராகவும் அதன் இணை தலைகீழாகவும் கொண்ட கலப்புக் கொசுக்கள் ஏராளமாக அகப்பட வேண்டும். இரண்டும் ஒருங்கே வாழும் ஊர்களிலும் அவை அகப்படவில்லை எனலாம். இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒரு கூட்டம் மலையாலோ கடலாலோ இரண்டாகப் பிரிந்து, நெடுங்காலம் தனித்தனியே மாறுதலடைந்து, மீண்டும் சந்திக்கும்போது கலவாது போவதே புதிய சிற்றினம் தோன்றும் பெருவழி. இம்மாறுதல் உருவில் தெரிந்தே ஆகவேண்டும் என்ற நியதி இல்லை.

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 'பி' பெரும்பாலும் மாட்டின் குருதியையே நாடுவது. மலேரியாவைப் பரப்புவதில் வலுவற்றது. ஆயினும் இராமேசுவரம் தீவில் 'பி' எனக் கருதப்பட்ட கொசு மலேரியாவைப் பரப்பி வந்தது. ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்த பின்னரே, அங்கு நோய் பரப்பியது மனிதரைக் கடிக்கும் 'இ' எனத் தெளிந்தது. இதனை 'ஐந்து வகைகள்' என்று ஒருமுறை நான் மொழிபெயர்த்தேன். நெல்லின் வகைகளைப் போலும் என்று படித்தவர்கள் எண்ணியிருப்பர்.

இனி இவ்வேட்டில் கலவாது நிற்பனவற்றைச் சிற்றினம் என்றும், காங்கேயம் சிந்தி போன்றவற்றைக் கால்நடை வகை என்றும் எழுதுவோம். களப்பணியாளரும் கொசுவின் பெயரோடு நிறுத்தாமல், அது தொழுவத்தில் பிடிபட்டதா, மனிதர் உறங்கும் அறையில் பிடிபட்டதா என்பதையும் சீட்டில் குறித்து அனுப்புவாராக.