கிணற்று முறையைப் பிரிக்கலாம்... விடுதி பாயின்ட்டைப் பிரிக்க முடியுமா?

கேள்வி: ‘‘எங்கள் அப்பா வாழையும் வெற்றிலையும் வைத்து சம்பாதித்த பணத்தில், 11 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுற்றுலா விடுதி நிறுவனத்தில் 3.5 லட்சம் ரூபாய் கட்டி உறுப்பினர் ஆனார். 25 ஆண்டு ஒப்பந்தம். வருடா வருடம் பாயின்ட் கொடுப்பார்கள். அதை வைத்து ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானலில் தங்கலாம் என்றார்கள். மொத்தமே மூன்று முறைதான் போனோம். தவணை முடிந்துவிட்டது. ஆனால், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இப்போது 18,000 ரூபாய் கேட்கிறார்கள். போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். அக்கா கரூரில், தம்பி திருப்பூரில் இருக்கிறார்கள். இந்த பாயின்ட்டை மூன்று பேரும் பிரித்துக்கொள்ள முடியுமா? இல்லாவிட்டால் விற்க முடியுமா? நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளுமா?’’

_ பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பரமத்தி வேலூர்.

பதில்: பயிர்ச் சந்தேகம் கேட்கும் பகுதியில் விடுதிக் கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். 18,000 ரூபாய் என்பது ஒரு சிறு விவசாயிக்கு வாழைக்கு வைக்கும் உரச்செலவு. ஒப்பந்தத்தில் இன்னும் 14 ஆண்டு பாக்கி இருக்கிறது. கட்டணம் ஒரு பைசா ஏறாவிட்டாலும் 2,52,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். அதனால் இதுவும் விவசாயக் குடும்பத்தின் கேள்விதான்.

இதைப் புரிந்துகொள்ள வேலூர் பக்கத்து விவசாயிக்கு வேறு பாடம் தேவையில்லை. பங்காளிகளின் பொதுக் கிணறே போதும். ஒரே கிணறு, நான்கு பங்கு. எட்டு நாளைக்கு ஒரு சுற்று என்றால், ஆளுக்கு இரண்டு நாள் முறை. கிணற்றை யாரும் வெட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. அதைப் பயன்படுத்தும் நேரத்தைத்தான் பங்கு போடுகிறார்கள். ‘டைம் ஷேர்’ என்ற சொல்லுக்கும் பொருள் இதுவே. ஒரு விடுதி அறையை 50 பேருக்கு, ஆளுக்கு ஒரு வாரம் என்று விற்பது. 1960-களில் ஸ்விட்சர்லாந்திலும் பிரான்சிலும் தொடங்கிய வியாபாரம் இது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-இல் ஸ்டெர்லிங், 1996-இல் மகிந்திரா ஹாலிடேஸ் என்று தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. முதலில் குறிப்பிட்ட வாரம் என்று விற்றார்கள். பிறகு, எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள் என்பதை உறுப்பினரே தேர்வு செய்துகொள்ளட்டும் என்று பாயின்ட் முறையும் வந்தது.

ஆனால், கிணற்று முறைக்கும் விடுதி பாயின்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிணற்றுப் பங்கு நிலத்தோடு ஒட்டிய உரிமை. பத்திரத்தில் ‘கிணற்றில் கால் பங்கும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும்’ என்று எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சொத்து. பாயின்ட் பெரும்பாலும் அப்படி அல்ல. விடுதிக் கட்டடத்திலோ, நிலத்திலோ உறுப்பினருக்குப் பங்கு கிடையாது. தங்கிக்கொள்ள நிறுவனம் கொடுத்த வாக்குறுதி மட்டுமே கையில் இருக்கிறது. ஆகவே பிரிப்பது, விற்பது, திருப்பிக் கொடுப்பது மூன்றுக்கும் விடை, அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. பீரோவில் இருக்கும் அந்தக் காகிதத்தை முதலில் எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால், உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்திடம் நகல் கேட்டு எழுத வேண்டும்.

பிரிக்க முடியுமா?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஓர் உறுப்பினர் எண், ஒரு முதன்மை உறுப்பினர் என்றுதான் இருக்கும். அதை மூன்று எண்ணாக உடைத்துத் தருவது அபூர்வம். உடைத்துத் தந்தாலும் லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, ஆண்டுக்கு 120 பாயின்ட் என்று வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் ஓர் இரவுக்கு 20 பாயின்ட், ஜூலையில் 8 பாயின்ட். முழுதாக வைத்திருந்தால் மே மாதத்தில் 6 இரவு தங்கலாம். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 40. மே மாதத்தில் 2 இரவுதான். ஜூலையில் 5 இரவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பம் ஜூலையில் எங்கே போவது? தவிர, மூன்று உறுப்பினர் எண் என்றால் மூன்று பராமரிப்புக் கட்டணம் கேட்கவும் வாய்ப்புண்டு. இரண்டு நாள் முறையை ஆறு பேர் பங்கு போட்டு, வாய்க்கால் நனைவதற்குள் மோட்டாரை நிறுத்தும் கதைதான் இது.

இதைவிட நல்ல வழி, கிணற்றில் செய்வதையே இங்கும் செய்வது. பொதுக் கிணற்றில் மின் இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். தண்ணீர் எல்லோருக்கும் பாயும். அதுபோல, உறுப்பினர் உரிமையை மூவரில் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ஒரு வருடம் அக்கா, அடுத்த வருடம் அண்ணன், அதற்கடுத்த வருடம் தம்பி என்று முறை வைத்துக்கொள்ளலாம். அந்தந்த வருடக் கட்டணத்தை அந்தந்த முறைக்காரர் கட்டுவது என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. உறுப்பினர் அல்லாத உறவினர் தங்குவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்பா ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் அவர் மட்டுமே சொந்தக்காரர் என்று ஆகிவிடாது. நாமினி, மற்ற வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவர்தான்.

ஓர் எச்சரிக்கை. பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவுடன், அதுவரை அப்பாவின் ஒப்பந்தமாக இருந்தது பிள்ளையின் ஒப்பந்தமாகிவிடும். அதற்கு முன்பு வரை நிலைமை வேறு. இறந்தவரின் பாக்கிக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. பிள்ளைகளின் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது. ஆகவே, ‘வேண்டுமா, வேண்டாமா’ என்பதை மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகே கையெழுத்து.

விற்க முடியுமா?

ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால் விற்கலாம். ஆனால் நிறுவனத்தின் சம்மதம், பாக்கியில்லாச் சான்று, மாற்றுக் கட்டணம் மூன்றும் தேவைப்படும். சில ஒப்பந்தங்களில், புதிதாக வாங்குபவருக்குப் பழைய உறுப்பினரின் சலுகைகள் எல்லாம் கிடைக்காது என்றும் இருக்கும்.

விலையைப் பற்றி ஆசை வைக்கக் கூடாது. நிலம் விலை ஏறும், இது ஏறாது. ஒவ்வோர் ஆண்டு கழியும்போதும் மீதிக் காலம் குறைகிறது, கட்டணம் மட்டும் நிற்கிறது. வாங்குபவரும் அந்த 18,000 ரூபாயைக் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார். பழைய டைம் ஷேரைக் கிட்டத்தட்ட சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆள் கிடைக்காத நிலை அமெரிக்காவிலேயே உண்டு. 3.5 லட்சம் திரும்ப வரும் என்று காத்திருந்து ஆண்டுக்கு 18,000 கட்டுவதைவிட, இனிமேல் கட்ட வேண்டிய சுமை இறங்கினாலே லாபம் என்று எண்ண வேண்டும்.

நிறுவனம் திரும்ப வாங்குமா?

எழுதிக் கொடுத்திருந்தால்தான். திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த டைம் ஷேருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் கையெழுத்துப் போட்ட 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று 2008-ஆம் ஆண்டு விதி ஒன்று உள்ளது. அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்குவதும் அங்கே தடை. இங்கே ஒப்பந்தத்தில் விலகல் காலம் என்று ஏதாவது இருந்தால் உண்டு; இந்த வாசகருக்கு அந்தக் காலமும் கடந்துவிட்டது.

இனி இருப்பது ‘சரண்டர்’ வழி. உறுப்பினர் இறந்துவிட்டார், வாரிசுகளுக்குத் தொடர விருப்பமில்லை, ஒப்பந்தத்தை முடித்து, பயன்படுத்தாத ஆண்டுகளுக்கு உரிய தொகையைத் தரவும் என்று இறப்புச் சான்றிதழ் நகலோடு பதிவுத் தபாலில் எழுத வேண்டும். தொலைபேசியில் பேசுவது கணக்கில் வராது. பணம் தர மறுத்தாலும், ‘இனிப் பாக்கி எதுவும் இல்லை’ என்ற கடிதத்தையாவது எழுத்தில் வாங்க வேண்டும்.

விற்கும்போது ‘எப்போது வேண்டுமானாலும் நாங்களே வாங்கிக்கொள்வோம்’ என்று சொன்னதற்கு விளம்பரத் தாள், மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்த வேண்டும். நிறுவனம் மறுத்தால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நிறுவனம் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதிலேயே தீர்ந்துவிடும் வழக்குகளும் உண்டு.

‘திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற சொல்லைக் கொங்கு மண்டலம் முன்பே கேட்டிருக்கிறது. பெருந்துறையை மையமாக வைத்து நடந்த ஈமு கோழி வியாபாரத்தில், ஒப்பந்தக் காகிதம் எல்லோர் கையிலும் இருந்தது. 2012-இல் நிறுவனங்கள் மூடப்பட்டபோது கோழிக்குத் தீவனம் போடக்கூட ஆளில்லை. எழுத்தில் இல்லாத வாக்குறுதி செல்லாது. எழுத்தில் இருந்தாலும், எழுதியவரிடம் பணம் இருந்தால்தான் செல்லும்.

கேள்வி: ‘‘உங்கள் விடுதி உறுப்பினர் உரிமையை 6 லட்சத்துக்கு வாங்க ஆள் தயார், பதிவுக்கும் ஜி.எஸ்.டி-க்கும் 15,000 ரூபாய் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று போன் வருகிறது. அனுப்பலாமா?’’

_ வாசகி, கபிலர்மலை.

பதில்: அனுப்பக் கூடாது. வாழைத்தாரை ஏலத்துக்குக் கொண்டுபோனால் தார் விற்ற பிறகுதான் கமிஷன் பிடிப்பார்கள். விற்பதற்கு முன்பே கமிஷன் கேட்பவர் வியாபாரி அல்ல. 3 லட்சத்துக்கு வாங்கியதை 6 லட்சத்துக்குக் கேட்கிறார்கள் என்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். மறுவிற்பனை முடியும்வரை இடைத்தரகர் பணம் வாங்கவே கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம் போட்டதற்குக் காரணம், உலகம் முழுக்க நடக்கும் இந்த ஏமாற்றுதான். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ‘‘அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். நிலமும் கிணறும் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. தம்பி தன் பங்கை, கிணற்று முறையோடு சேர்த்து வெளியாளுக்கு விற்கப் போகிறார். நாங்களே வாங்கிக்கொள்ள உரிமை உண்டா?’’

_ வாசகர், பாண்டமங்கலம்.

பதில்: உண்டு. உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவரின் சொத்து, பிள்ளைகள் போன்ற முதல் நிலை வாரிசுகளுக்கு வந்திருந்து, அவர்களில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், மற்ற வாரிசுகளுக்கு வாங்க முன்னுரிமை உண்டு என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விலையில் ஒத்துவராவிட்டால் நீதிமன்றமே விலையை நிர்ணயிக்கும். வாங்க விருப்பம் இருப்பதைத் தம்பிக்கு இப்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் நிலத்தின் சர்வே எண்ணோடு கிணற்றில் எத்தனை பங்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், மின் இணைப்பு எண், மோட்டார், குழாய், வாய்க்கால், வண்டித்தடம் அனைத்தையும் எழுத வேண்டும். ‘கிணற்றுப் பாத்தியமும் சேர்த்து’ என்று ஒற்றை வரியில் முடித்த பத்திரங்கள்தான் பின்னால் வழக்காகின்றன.

கையெழுத்துப் போடும் முன்...

கிணறானாலும் விடுதியானாலும், பிறரோடு சேர்ந்து அனுபவிக்கும் எந்த உரிமையை வாங்கும் முன்பும் இவற்றைக் கேட்க வேண்டும்:

* இது பதிவு செய்யும் சொத்தா, வெறும் ஒப்பந்தமா?
* ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? யார், எந்தக் கணக்கில் உயர்த்துவார்கள்?
* பயன்படுத்தாத ஆண்டிலும் கட்ட வேண்டுமா? மீதி பாயின்ட் அடுத்த ஆண்டுக்கு வருமா?
* பிள்ளைகளுக்குப் பெயர் மாறுமா? பிரிக்க முடியுமா?
* விற்க யாருடைய சம்மதம் வேண்டும்? மாற்றுக் கட்டணம் எவ்வளவு?
* வேண்டாம் என்றால் எத்தனை நாளுக்குள் விலகலாம்? எவ்வளவு பிடித்தம்?

கடனில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடக் கூடாது. தவணை போவது கடன் கொடுத்த வங்கிக்கு; அதை நிறுத்தினால் நாளைக்குப் பயிர்க் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். நிறுவனத்தோடு சண்டையைத் தனியாகப் போட வேண்டும்.

பரமத்தி வேலூர் வாசகர் இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று. ஒப்பந்த நகலைத் தேடி எடுப்பது, அக்காவையும் தம்பியையும் வைத்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது, அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கான கெடு வரும் முன்பே நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புவது. மூவரில் யாருக்காவது ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்வர ஆசை இருந்தால், அவர் பெயரில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. யாருக்கும் இல்லையென்றால், அப்பா கட்டிய பணம் போகட்டும். இனிக் கட்ட வேண்டிய பணத்தைக் காப்பாற்றலாம்.