விழுந்த பழத்தைப் புதைக்கும் முன்

சரஸ்வதி பூசை நெருங்கும் நாள்களில் கார்டன் ரீச்சின் தெருவோரக் கடைகளில் இலந்தைப் பழம் குவிகிறது. பூசை முடியும்வரை அதைத் தின்னலாகாது என்பது வங்கப் பிள்ளைகளுக்கு வீட்டில் விதிக்கப்படும் கட்டுப்பாடு. மீறினால் தேர்வு கைவிட்டுவிடுமாம். இலந்தைப் பழ ஈக்கு (கார்போமையா வெசுவியானா) அத்தகைய அச்சம் இல்லை. காய் இளசாக இருக்கும்போதே தோலைத் துளைத்து முட்டையிட்டுவிடுகிறது.

அந்த ஈயின் புழுவுக்கும் எதிரி உண்டு. பிரகோனிடே குடும்பத்தைச் சேர்ந்த, சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. பழத்தினுள் புழு நெளியும் அதிர்வை உணர்ந்து, நீண்ட முட்டைக்குழலைத் தோல்வழியே செலுத்திப் புழுவின் உடலுக்குள் முட்டை வைப்பவை பல. ஈயின் முட்டையையே நாடுபவை சில. தாக்கப்பட்ட புழு உடனே சாவதில்லை. பழத்தோடு விழுந்து, மண்ணுள் புகுந்து, கூட்டுப்புழுவாகிறது. பிறகு அக்கூட்டிலிருந்து ஈக்கு மாறாகக் குளவி வெளிவருகிறது.

இதை அறிந்த பின்னும் நாம் உழவர்களுக்கு என்ன சொல்கிறோம்? விழுந்த பழங்களைப் பொறுக்கிக் குழியிலிட்டு மூடுங்கள். மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுக்களை வெயிலில் காயவிடுங்கள். ஈயோடு குளவியும் மடிகிறது. தோட்டத் தூய்மை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஹவாயிலும் ரியூனியன் தீவிலும் இதற்கு எளிய மாற்று கண்டிருக்கிறார்கள்: விழுந்த பழங்களை வலைக் கூடாரத்தில் கொட்டுகிறார்கள். அவ்வலையின் கண்கள் ஈக்குச் சிறியவை, மெலிந்த குளவிக்குப் போதுமானவை. நம் பரிந்துரைக் கையேடுகளில் அந்தக் கூடாரத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கக்கூடாதா?

நாம் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் நம் ஆய்வுமுறையே என்று கருதுகிறேன். மெத்தில் யூஜினால் பொறி வைத்து ஆண் ஈக்களை எண்ணுவது எளிது; ஆய்வேட்டுக்கு அட்டவணையும் கிடைத்துவிடும். பழத்துக்குள் யார் யாரை உண்டார் என்பதைப் பொறி சொல்லாது.

நூறாண்டுக்கு முன் இதற்குப் பொறுமை இருந்தது. ஹவாய்க்காகக் குளவி தேடி 1912-13இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அலைந்தவர் இத்தாலியப் பூச்சியியலாளர் சில்வெஸ்திரி. 1916இல் அவர் விவரித்த இந்தியக் குளவிகளுள் ஒன்று இலந்தை ஈயின் பெயரையும், மற்றொன்று கோயம்புத்தூரிலும் பின்னர் பூசாவிலும் பணியாற்றிய பிளெட்சரின் பெயரையும் தாங்குகின்றன. பிளெட்சரின் பெயர் கொண்ட குளவி அதே ஆண்டில் இங்கிருந்து ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்டது, பாகற்காய் முதலியவற்றைக் கெடுக்கும் ஈயை ஒடுக்க.

காட்டு இலந்தை வளரும் முட்புதர் நிலங்கள் ஆப்பிரிக்கச் சவானாவுக்கு உறவானவை. நம் ஆவணங்களிலோ பெரும்பாலும் ‘தரிசு’. மருந்தடிக்கப்படாத அம்மரங்களை ஈயின் புகலிடம் என்று வெட்டச் சொல்வோர், குளவிக்கும் அவையே புகலிடம் என்பதை எண்ணுவதில்லை.

முதலாண்டில் நானும் பிழை செய்தேன். இலந்தையையும் கொய்யாவையும் ஒரே பெட்டியில் வைத்தேன். குளவி வந்தது, எந்தப் பழத்திலிருந்து, எந்த ஈயிலிருந்து என்று சொல்ல இயலவில்லை. அந்தப் பருவமே வீண். ஆகவே இவ்வாண்டு பழம் சேகரிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழத்துக்கு ஒரு டப்பா, அடியில் சற்றே ஈரமான மணல், வாயில் மெல்லிய துணி, மரமும் இடமும் நாளும் எழுதிய சீட்டு. ஈ வந்ததும் டப்பாவைக் கழுவிவிடாதீர்கள். குளவி பெரும்பாலும் பிந்தியே வரும்.